இரண்டாம் நம்பர் குரல்

சீரியலை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, காதால் கேட்கிறார்கள். எனக்கு இது தெரிந்து பதினெட்டு வருடம் ஆகிறது, கதை எழுதுகிறவர்களுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சட்டியில் கடுகு வெடிக்கும், குக்கர் கத்தும், பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பான், ஹாலில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டு அம்மாள் கரண்டியோடு ஹாலுக்கு ஓடி வர வேண்டுமென்றால் நான்தான் அவளைக் கூப்பிட வேண்டும். மாமியார் வருகிறாள் என்றால் இடுப்புச் சாவிக்கொத்து. யாரோ எதையோ ஒட்டுக்கேட்டுவிட்டார்கள் என்றால் மத்தளத்தில் மூன்று அடி. நல்லவள் அழப்போகிறாள் என்றால் புல்லாங்குழல். படித்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும், அவர்கள் வீட்டு அடுப்படியிலும் என் சாவிக்கொத்துதான் கேட்கிறது.

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் தைக்கிற கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. மிக்ஸிங் அறையில் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஆனால் கடைசியாக நான் கேட்பது அவற்றில் இல்லை. பக்கத்து அறையில் ஒரு பழைய டிவியும் கடகடவென்று ஓடும் ஒரு ஃபேனும் உண்டு. ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எபிசோடைக் கேட்பேன். வசனம் விளங்கினால் சேனலுக்குப் போகும், இல்லாவிட்டால் மறுபடி உட்காருவேன். யூனிட்டில் இதற்கு 'முதுகு டெஸ்ட்' என்று பெயர். அதில் ஒரு நாளும் தோற்காத குரல் ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மயிலாப்பூர்க்காரி, கணவர் இல்லை, ஒரே மகள் ஐதராபாத்தில். திரையில் கதாநாயகிக்கு இருபத்து நாலு வயது, ஊர் பெங்களூர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. அந்தப் பெண் உதட்டை அசைப்பாள், நாலு வருடமாக அக்காதான் பேசினாள். வயதில் எனக்கு மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன், அவள் என்னை டா போடுவாள்.

அக்காவுக்கு வேறு பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தெற்கு மாட வீதியில் காய்காரியிடம் அரைக் கிலோ கத்திரிக்காய் கேட்பாளாம், காய்காரி தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாளாம், 'யம்மா, நீயா அது? டிவில பேசிக்கினு கீறது?' என்று. இதை அக்கா என்னிடம் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் காய் மட்டும் மாறும். முகத்தை யாருக்கும் தெரியாது, பெயர் டைட்டிலில் ஓடுகிற வேகத்தில் ஒருவராலும் படிக்க முடியாது. தெருவில் வாயைத் திறந்தால்தான் அவளும் ஒரு ஆள். அதை அவள் விடத் தயாராக இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மழை பிடித்துக்கொண்டால் வேளச்சேரியிலிருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட்டும் வர முடியாது, எபிசோடோ நிற்க முடியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே அழுகை, விசும்பல், கேவல், திடுக்கிடல், பெருமூச்சு எல்லாம் வாங்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்போம். அக்கா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அறுபது அழுகை கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இது ஆம்படையான் அடிச்ச அழுகையா, அம்மா செத்த அழுகையா?' என்று கேட்டுக்கொண்டுதான் அழுதாள். அழுது முடித்துக் கீழே போய்க் காபி குடித்தாள்.

ஐந்தாம் வருடம் ஆரம்பத்தில் குரல் கரகரத்தது. முதலில் சுக்கு, மிளகு என்று ஓட்டினாள். அப்புறம் டாக்டரிடம் போனாள். குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, அறுவை செய்து எடுக்க வேண்டும், பத்து நாள் வாயே திறக்கக் கூடாது, மூன்று நாலு மாதத்துக்கு டப்பிங் பக்கம் தலைவைக்கக் கூடாது என்றார்கள். சேனலுக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு குரல் போட்டுவிடுவார்கள். அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அழவில்லை. "நான் திரும்பி வரச்சே என் இடம் இருக்கணும்டா. அது ஒண்ணு மட்டும் பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

யோசனையும் என்னுடையதுதான். கதையில் கதாநாயகியின் கணவன் விபத்தில் நினைவில்லாமல் கிடந்தான். அவன் கண் திறக்கும் வரை அவள் பேச மாட்டாள், மௌன விரதம் இருக்கட்டும் என்று டைரக்டரிடம் சொன்னேன். சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அக்காவின் தொண்டை சமாசாரம் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. சேனலிடம் இது கதைக்காக என்று சொல்லிவிட்டார்.

இனி ஒருத்தி பேசாமல் இருந்து வாரத்துக்கு ஆறு நாள் கதையை நகர்த்த வேண்டும். அவளுக்குக் கண்ணாடி வளையல் போடச் சொன்னேன். கோபம் என்றால் வளையலை முழங்கை வரை ஏற்றி விடுவாள், அந்தச் சத்தம் போதும். துக்கம் என்றால் கொலுசு ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நிற்கும். மூச்சுக்கு அக்காவின் ஃபோல்டர் இருந்தது. முக்கியமான இடங்களில் நான் எல்லாவற்றையும் எடுத்தேன். இசை இல்லை, கதை வீட்டின் ஃபேன் சத்தமில்லை, ரோட்டில் ஹார்ன் இல்லை, வெறும் மூச்சு. முதுகு டெஸ்டில் நின்றபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அடுப்படியில் நிற்கிறவள் டிவி நின்றுவிட்டதோ என்று ஓடி வருவாள். இத்தனை வருடம் மத்தளம் அடித்துக் கூப்பிட்டவர்களை இப்போது சத்தத்தை நிறுத்திக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். இரண்டு வாரத்தில் எங்கள் சீரியல் அந்த நேரத்தில் முதலிடத்துக்குப் போனது. எண்பது எபிசோடில் முடிகிறதாக இருந்த விரதம் நூற்றுப் பத்து வரை இழுத்தது. சேனலிலிருந்து ஒரு பெரிய ஆள் எனக்கு நேராகப் போன் செய்து பாராட்டினார், பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு கிரகப்பிரவேசத்தில் என்னைக் காட்டி 'அந்தப் பேசாத சீரியலுக்கு சவுண்டு இவருதான்' என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு நான் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். புகழ் எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. சீக்கிரமே தலைக்கு ஏறிவிட்டது.

நூறாவது மௌன எபிசோடுக்கு ஸ்டூடியோவில் கேக் வெட்டினார்கள். அக்காவும் வந்திருந்தாள். அறுவை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, கொஞ்சம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பயத்தில் அவள் வாயே திறப்பதில்லை, கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவாள். எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது நோட்டில் என்னவோ எழுதி, முதலில் டைரக்டருக்குக் காட்டி, பிறகு எனக்கு நீட்டினாள். 'நான் வாயை மூடினாத்தான் உனக்குப் பேர் வரும்போல' என்று இருந்தது. நோட்டு சுற்றிவந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அவள் கேலியாகத்தான் எழுதினாள், அது எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைக் கேலியாகச் சொன்னால் எனக்கு ஆகாது. அவள் வாயைத் திறக்கிற நாளில் மறுபடியும் எல்லோரும் குரலைத்தான் சொல்வார்கள், நான் மறுபடியும் சாவிக்கொத்து ஆட்டுகிறவன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அடையாறு சிக்னலில் பின்னாலிருந்து திட்டினார்கள், பச்சை விழுந்தது கூடத் தெரியவில்லை.

விரதம் முடிகிற எபிசோடு முடிவானது. கணவன் கண் திறக்கிறான், அதே நேரத்தில் மாமியார் கூடத்தில் அவளைக் கேவலமாகப் பேசுகிறாள், அவள் நூற்றுப் பத்து எபிசோடு கழித்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்: போதும். பத்து நாள் முன்பிருந்தே விளம்பரம் ஓடியது. இதற்குள் அக்காவின் தொண்டை சமாசாரம் எப்படியோ கசிந்து, சேனல்காரர்கள் அடையாறிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அக்காவின் பழைய எபிசோடுகளைக் கேட்டுக் கேட்டு அதேமாதிரி பேசப் பழகியவள், இருபத்தாறு வயது. மரியாதையான பெண், வார்த்தைக்கு வார்த்தை சார் என்பாள். அவள்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

டைரக்டர் நியாயமான மனிதர், அது அவருடைய கஷ்டம். அக்கா முகத்தைப் பார்த்தால் அவரால் முடிவெடுக்க முடியாதாம். இரண்டு பேரையும் அந்த ஒரு வார்த்தையைப் பேசச் சொல்லி, யார் என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு என்று போட்டுக் காட்டு, எது நல்லதோ அதுவே இருக்கட்டும் என்றார்.

புதுப் பெண் ஒன்பது டேக் எடுத்தாள். ஒன்பதாவது பரவாயில்லை. மறுநாள் காலையில் அக்கா வந்தாள், தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, கபாலி கோயிலுக்குப் போய்விட்டு. நோட்டைப் பைக்குள் வைத்தாள். மைக் முன்னால் நின்று, திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிற வரை காத்திருந்து, ஒரு தடவை சொன்னாள். ஒரே தடவை.

ஹெட்போனில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிச்சு போன பிறகு அந்தக் குரல் பழையதைவிட நன்றாக இருந்தது. மூன்றே எழுத்தில் அந்தப் பெண் பட்டதெல்லாம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் மௌனம் தேவையில்லை, வளையல் தேவையில்லை, நான் தேவையில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எப்படி என்று கையால் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நானும் கையால் சொன்னேன்.

மத்தியானம் டைரக்டர் வந்தார். ஒன்றில் புதுப் பெண்ணை வைத்தேன், இரண்டில் அக்காவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு. டவுட்டே இல்ல. அக்காதானே இது?"

"இல்ல சார். ரெண்டு புதுப் பொண்ணு."

எனக்குள் யாரோ சொன்னதுபோல் இருந்தது என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை, நான்தான் சொன்னேன், என் வாயால், குரல் நடுங்காமல். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டேன். அப்படியே அக்கா மாதிரியே பேசுகிறாளே என்றார். ஆமாம் சார், நல்லாப் பழகியிருக்கு என்றேன். தன் காது சொன்னதை அவர் நம்பவில்லை, ஹெட்போன் மாட்டியிருக்கிற ஆள் சொன்னதை நம்பினார். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஆபரேஷன் ஆனால் சிலருக்கு இப்படித்தான் சார், குரல் உடைந்துவிட்டது என்றேன். யார் அவளிடம் சொல்வது என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஒளிபரப்பில் புதுப் பெண்ணின் ஒன்பதாவது டேக்தான் போனது. அதற்கு முன்னால் நாலு விநாடி எல்லாச் சத்தத்தையும் எடுத்தேன். டைரக்டர் அதைக் கேட்டுவிட்டு, 'பாத்தியா, அன்னிக்கே சொன்னேன்ல, இந்தக் குரல்தான்னு' என்று என் முதுகில் தட்டினார். ஊரே விசில் அடித்தது. குரல் மாறிவிட்டது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நூற்றுப் பத்து எபிசோடு ஒருத்தியைப் பேசவிடாமல் வைத்தால், அப்புறம் யார் குரலை வைத்தாலும் அது அவள் குரல்தான். இதை நான் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல முடியும். சொல்லவும் செய்தேன், வேறு சிலரிடம்.

புதுப் பெண்ணுக்கு அழ மட்டும் வராது. அதனால் கதாநாயகி புதுக் குரலில் பேசினாள், அக்காவின் ஃபோல்டரிலிருந்து அழுதாள். இன்றைக்கும் அப்படித்தான்.

அக்காவிடம் போனில்தான் முதலில் சொன்னேன். குரல் இடறுகிறது அக்கா, டைரக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். சரிடா என்று வைத்துவிட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். நாளைக்கு வருகிறேன், நான் பேசினதைப் பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுக் காட்டு, எங்கே தப்பென்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

முப்பது வருடம் மைக் முன்னால் நின்றவள். அசலைப் போட்டால் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

வேலை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது பேசிய வசனங்கள் என்னிடம் இருந்தன. அதிலிருந்து ஒரு கரகரப்பை நறுக்கி எடுத்து, 'போதும்' என்பதில் 'தும்' தொடங்குகிற இடத்தில் வைத்தேன். குரலில் மேலேயிருந்த பளிச்சென்ற தெளிவைக் குறைத்தேன். கடைசியில் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி செய்தேன். கேட்டுப் பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தாள். என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். போட்டேன். இன்னொரு தடவை போடேன் என்றாள், போட்டேன். மூன்றாம் தடவை கையைத் தூக்கி, நான் ஒட்டு வைத்த அதே இடத்தில் விரலைச் சொடுக்கினாள்.

"இங்கதான். இந்த 'தும்'ல உடையறது."

"ஆமாக்கா."

"பேசறச்சே எனக்கு இது கேக்கவே இல்லையேடா."

"உள்ள இருந்து கேட்டா தெரியாதுக்கா. வெளியில இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

தலையை ஆட்டினாள். டாக்டர் தொண்டை சுத்தமாகிவிட்டது என்கிறாராம், மகள் போனில் குரல் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்கிறாளாம், காய்காரிகூட நேற்று நிமிர்ந்து பார்த்தாளாம். "எல்லாரும் என்னைத் தேத்தறா. நீ ஒருத்தன்தான் மறைக்காம போட்டுக் காமிச்சே" என்றாள். அதைச் சொன்னபோது குரல் அறை முழுக்க நிறைந்து வந்தது, துல்லியமாக, ஒரு பிசிறு இல்லாமல். அவளுக்கு அது கேட்கவில்லை. திரையில் நெளிந்து தெரிந்த குரலின் அலைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு உதவி கேட்டாள். இதை யாரும் கேட்க வேண்டாம், என் கண் முன்னாலேயே அழித்துவிடு என்றாள். அவள் பேசிய அசலும், அந்த ஒரு வார்த்தைக்கென்று தனியாக வைத்திருந்த அதே ஃபோல்டரில், அதற்கு நேர் கீழே இருந்தது. ஃபோல்டரோடு தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையசைத்தாள், அழித்தேன்.